நத்தார்த் துண்டு

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் சாலையோரத்துப் பேக்கரி அது. நான் பின்கட்டுக்குள் நுழைந்தபோது பாண் வேலை முடிந்து, போறணையின் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். “இனிமே இது கேக்குக்கு. பாண் சுட்ட சூடு இறங்கணும். கையை உள்ள நீட்டி முப்பது எண்ணுற வரைக்கும் தாங்குச்சுன்னா சரி” என்றார் பாஸ். எங்கள் நாட்டில் தச்சரும் பாஸ், மேசனும் பாஸ், போறணைக்காரரும் பாஸ்தான். இவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் பிறந்தவர். தெர்மாமீட்டர் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

அது 2023 டிசம்பர். நான் போன காரணம் சின்னது. காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே பழைய துரை பங்களா ஒன்று இப்போது உல்லாச விடுதி. வெள்ளைக்காரப் பயணிகளின் கட்டிலில் தொங்கவிட உள்ளங்கை அளவில் சிவப்புக் காலுறைகள் தைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு நத்தார் கேக், ஒரு சிறு தேயிலைப் பொட்டலம். கேக் இந்தப் பேக்கரியிலிருந்து போகிறது. செய்தி கேட்டதும் பேக்கரியில் கேக்கைத் தாளில் சுற்றும் பெண்கள் சிரித்த சிரிப்பைப் பற்றி ஹட்டன் நண்பர் ஒருவர் சொன்னார். “மேசுக்குள்ளயா கேக்கைப் போடுறாங்க?”

சிரிப்பில் நியாயம் இருக்கிறது. மலையில் மேசு என்றால் துரை. அரைக்காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட மேசு, கையில் தடி. கொழுந்தெடுக்கப் போகிற கால்களுக்கு வாய்த்தது அட்டைக்கடிதான். என் தாத்தா பங்களாவில் கோக்கியாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். நத்தாருக்கு முதல் நாள் இரவு துரைசாணி பிள்ளைகளின் மேசுக்குள் தோடம்பழமும் டொபியும் கஜுவும் போட்டுக் கட்டில் காலில் கட்டிவைப்பாராம். மறுநாள் அந்த மேசுகளை உதறினால் கொட்டுகிற கஜு நொறுக்கைத் தாத்தா தாளில் மடித்துக் கொண்டுவருவார். என் அம்மாவுக்குச் சிறுவயதில் நத்தார் என்பது அந்த நொறுக்கு.

இலங்கை நத்தார் கேக் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதன் உடம்பு மா அல்ல, ரவை. வெண்ணெய், சீனி, ஏராளமான முட்டைக் கரு, பொடியாக வெட்டிய கஜு, பிளம்ஸ், செரி, இஞ்சித் தோசி, பூசணித் தோசி, தேன், ரோஸ் எசென்ஸ், பிராந்தி. பிளம்ஸ் என்று நாங்கள் சொல்வது உலர்ந்த திராட்சையை. கஜு உங்கள் ஊர் முந்திரிப்பருப்பு. தோசி, சீனிப்பாகில் காய்ச்சிய துண்டு. பழத்தையெல்லாம் வெட்டி வாரக்கணக்கில் ஊறவைத்து, தட்டின் அடியில் பத்திரிகைத் தாள்களை அடுக்கி, மேலே எண்ணெய்த்தாள் விரித்து, இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வேகவிட வேண்டும். வெட்டினால் உதிராமல் ஈரமாக நிற்கும். சுட்ட அன்றைக்கே தின்பவர்களுக்கு இதன் ருசி பிடிபடாது.

2022-இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த பிறகு இந்தக் கேக்கின் ஒவ்வொரு சாமானும் தனிக்கதை ஆகிவிட்டது. முட்டைத் தட்டுப்பாட்டில் 2023-இல் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது. முதலில் பேக்கரிகளுக்குத்தான் கொடுத்தார்கள். “முட்டைக்குக்கூட விசா குடுத்துட்டாங்க தம்பி” என்றார் பாஸ். வெண்ணெயில் பாதியை மாஜரின் பிடித்துக்கொண்டிருந்தது. பிராந்தி இருந்த இடத்தில் சாராயம். அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நான் அதிக நேரம் நின்றது தோசி அடுப்பின் பக்கத்தில். நீற்றுப்பூசணியின் தோலையும் விதையையும் எடுத்து, சதையைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் முள்ளுக்கரண்டியால் குத்துகிறார் ஓர் அக்கா. குத்தாவிட்டால் பாகு உள்ளே இறங்காது. வெளியே கல்லாகி உள்ளே சப்பென்று இருக்கும். வேகவைத்துப் பிழிந்து, சீனிப்பாகில் போட்டு, துண்டு கண்ணாடி மாதிரி ஒளி விடுகிற வரை காய்ச்சி, எடுத்து உலர்த்த வேண்டும். ஹட்டன் கடல்மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரே இங்கே நூறு பாகையைத் தொடாது, 96-ஐ ஒட்டி நின்றுவிடும். “கொழும்புக்காரங்க எழுதிக்குடுத்த நேரம் இங்க செல்லாது” என்று அக்கா சொன்னதன் பௌதிகம் இதுதான். உலர்த்துவது அதைவிடத் தொல்லை. டிசம்பர் மூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிட்டால் தோசி மறுபடி கசியும். அடுப்பு மேட்டில் சுளகைக் கவிழ்த்துக் காவல் காக்கிறார்கள்.

ஆக்ராவின் பேட்டாவுக்கு இந்தப் பூசணித் தோசி தங்கை முறை. சிசிலித் தீவிலும் சுரை, பூசணி வகைக் காயைச் சீனிப்பாகில் காய்ச்சிச் ‘சுக்காத்தா’ என்று பலகாரங்களில் சேர்க்கிறார்கள். சிசிலியை நான் சும்மா இழுக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பேக்கரிக்குள் இத்தாலி வந்திருந்தது.

சுற்றுவேலை மேசையில் ஆறு பெண்கள். அதில் ஒரு தங்கச்சியின் அக்கா வென்னப்புவவில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடையிலுள்ள அந்த ஊரைச் ‘சின்ன இத்தாலி’ என்பார்கள். மிலானுக்கும் ரோமுக்கும் வீட்டு வேலைக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் போனவர்களின் பணத்தில் எழுந்த வீடுகள் அங்கே தெருத்தெருவாக உண்டு. மிலானில் முதியவர் ஒருவரைக் கவனிக்கும் அந்த வீட்டம்மா விடுமுறைக்கு வந்தபோது, தன் வீட்டைக் கவனிப்பவளுக்கு ஒரு கைப்பிடி இனிப்புக் கொடுத்திருக்கிறார். அது பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, இப்போது மேசை மேல் கிடந்தது.

தின்பதற்கு முன் அவர்கள் சுற்றைத்தான் பார்த்தார்கள். தொழிற்கண் அப்படி. “இது முறுக்கு இல்ல, மடிப்பு. மெஷின்ல மடிச்சிருக்கான்” என்றாள் ஒருத்தி. தீக்குச்சிப் பெட்டி மாதிரிச் சின்னஞ்சிறு அட்டைப்பெட்டிக்குள் தொர்ரோனே: முட்டை வெள்ளையும் தேனும் பருப்பும் சேர்ந்த நூகட் கட்டி. அதன் மேலும் கீழும் ஒட்டியிருந்த வெள்ளை மென்தகட்டைக் கிள்ளி நாக்கில் வைத்த தங்கச்சி சட்டென்று நிமிர்ந்தாள். “இது பூசையில குடுக்குற அப்பம்!” நூற்றுக்கு நூறு சரி. இத்தாலியில் அந்தத் தகட்டின் பெயரே ‘ஓஸ்தியா’. நற்கருணை அப்பத்துக்கும் அதே பெயர்தான். அவள் மீதியைத் தின்னக் கொஞ்சம் தயங்கினாள்.

இன்னொன்று நட்சத்திரம் அச்சடித்த வெள்ளித்தாளில் சுற்றியது. பெருஜியா நகரத்து ‘பாச்சி’. 1922 முதல் செய்கிறார்கள். பிரித்தால் சாக்லேட்டைச் சுற்றி ஒரு மெல்லிய சீட்டு, அதில் காதல் பற்றி ஒரு வரி. நான் அர்த்தம் சொன்னதும் மேசையே கலகலத்தது. “நாமளும் கேக்குக்குள்ள ஒரு சீட்டு வைப்போமா?” “என்னான்னு எழுதுறது?” “சம்பளத்தக் கூட்டுங்கன்னு எழுது.”

சிரித்து முடித்த பிறகும் கைகள் நிற்கவில்லை. கேக்கை இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, முதலில் எண்ணெய்த்தாள், மேலே சிவப்போ பச்சையோ செலோஃபன். இரண்டு முனையையும் எதிரெதிராக ஒரு முறுக்கு, கத்தரிக்கோலால் நுனியில் குஞ்சம். பார்க்க ஒன்றுமில்லை. நானும் உட்கார்ந்து ஐந்து சுற்றினேன். ஐந்தும் வயிறு வீங்கிய டொபி போல வந்தன. இறுக்கினால் கேக் நசுங்கும், தளர்த்தினால் காற்றுப் போய்ப் பூஞ்சணம் பிடிக்கும். சூத்திரம் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் இருக்கிறது. ஆறு பேரில் நான்கு பேர் கொழுந்தெடுத்தவர்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிய அதே இரண்டு விரல்.

மூத்தவரிடம் ஏன் மலையை விட்டு இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். “மலைக்குப் போனா ஆயிரம். கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க. இங்க காலு நனையாது” என்றார். அரைப்பேரு என்றால் பாதி நாள் கூலி. அந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021-இல் சம்பள நிர்ணய சபை மூலம் வந்தது. அடுத்த வருடமே விலைவாசி அதைத் தின்றுவிட்டது. 2024-இல் 1,350 ஆனது. பேக்கரியில் நூறு துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு என்று சொன்னார்கள், எழுத வேண்டாம் என்றும் சொன்னார்கள். விடுதியில் ஒரு காலுறையின் விலையை நான் பிறகு விசாரித்தேன். அதையும் எழுதாமல் விடுகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவர்களுக்குத்தான் வேலை போகும்.

மதியத் தேநீரின்போது இத்தாலிக்காரர்களின் மேசு வழக்கத்தைச் சொன்னேன். அங்கே பழைய முறைப்படி மேசு நிரம்புவது டிசம்பரில் அல்ல, ஜனவரி 6-இல், மூன்று ராசாக்கள் திருநாளில். பெஃபானா என்ற கிழவி துடைப்பத்தில் ஏறி வந்து நல்ல பிள்ளைக்கு இனிப்பும் குறும்புப் பிள்ளைக்குக் கரியும் போடுவாள். இப்போது கரியையும் சீனியில் செய்து கறுப்புச் சாயமிட்டுக் கடையில் விற்கிறார்கள். பெயர் ‘கார்போனே தோல்சே’, இனிப்புக் கரி. பாஸ் அந்தத் ‘தோல்சே’யைப் பிடித்துக்கொண்டார். “அதுவும் தோசிதானே?”

அதேதான். போர்த்துக்கேயர் விட்டுப்போன ‘தோசே’ எங்கள் தோசி. அவர்களுடைய ‘ஃபோர்னு’ எங்கள் போறணை, இத்தாலியில் ‘ஃபோர்னோ’. நாங்கள் பாண் என்றால் அவர்கள் ‘பானே’. எங்கள் குசினிக்கு அங்கே ‘குச்சீனா’. நத்தாருக்கு ‘நத்தாலே’. எல்லாம் லத்தீன் தாயின் பிள்ளைகள். அந்தப் பின்கட்டில் நின்றுகொண்டு பாஸ் பாதி இத்தாலி பேசிக்கொண்டிருந்திருக்கிறார், நாற்பது வருடமாக.

ருசியில் யாருக்கு வெற்றி என்று கேட்பீர்கள். தொர்ரோனே பல்லைப் பிடித்து இழுக்கிறது. பாச்சி நல்ல சாக்லேட், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுப்பு மேட்டில் காவல் காத்த பூசணித் தோசி ரவைக்குள் கிடந்து நாக்கில் நொறுங்குகிற இடம் எனக்குப் போதும். ஆறு பெண்களில் ஐந்து பேர் பாச்சிக்கு வாக்களித்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கில் கேக் சுற்றுகிறவர்களுக்குக் கேக் வாசமே திகட்டும்.

டிசம்பரில் மலைப்பக்கம் போனால் பேக்கரியில் கேட்டுத் துண்டு கேக் வாங்குங்கள். தாளைக் கிழிக்காதீர்கள், முனையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். இரண்டு முனையையும் முறுக்கிய திசைக்கு எதிராக ஒரே ஒரு சுற்றுச் சுற்றுங்கள், தானாக விரியும். அப்படித் திறப்பதற்காகத்தான் அந்த முறுக்கை வைத்திருக்கிறார்கள்.