தொண்டைக்குள் கை விடாதே!

மாண்ட்ரியலில் பனிக்காலத்தில் ராத்திரி தெருவில் சைரன் ஊதினால் திருடனும் இல்லை, தீ விபத்தும் இல்லை. ‘பனி வாருகிற மெஷின் வருது, காரை எடு’ என்று அர்த்தம். எடுக்காத காரை அவர்களே இழுத்துப் போய்ப் பக்கத்துத் தெருவில் விட்டுவிடுவார்கள். ஃபைன் தனி.

என் சித்தப்பா மகன் அங்கே ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். (பி.காம். எங்கள் குடும்ப வியாதி.) ஸேன் லெயோனார் என்ற பேட்டையில் மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர், எழுபது தாண்டிய இத்தாலியத் தாத்தா. வாசலில் கார் நிறுத்தும் பாத்தியதை தாத்தாவுக்கு. தம்பியின் கார் தெருவில். போன பிப்ரவரியில் நான் போய் இறங்கிய இரண்டாம் நாளே சைரன். லுங்கிக்கு மேல் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு அவன் ஓடிய அழகைக் காசு கொடுத்தே பார்க்கலாம்.

நான் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். வந்தது மெஷின் இல்லை ஸார், பூதம்! வாயில் சுழலும் இரும்புத் திருகுகள். ஓரமாகக் குவிந்து கிடந்த பனியைக் கரும்பு மாதிரி கடித்து உள்ளே இழுக்கிறது. உள்ளேயிருக்கும் விசிறி அதை ஓங்கி அடித்து மேலே அனுப்ப, ஒட்டகக் கழுத்து மாதிரி வளைந்த ஒரு தகரக் குழாய் வழியாகப் பனி பீறிட்டு, கூடவே ஊர்ந்துவரும் லாரிக்குள் போய் விழுகிறது. இரண்டும் நிற்பதே இல்லை, நடந்துகொண்டே பரிமாறல். நான் கையில் வைத்திருந்த டீ ஆறுவதற்குள் ஒரு லாரி ரொம்பி, அடுத்தது வந்துவிட்டது.

அந்தக் கழுத்துக்கு ‘ஷூட்’ என்று பெயர். ரைஸ் மில்லில் அரிசி வழிகிற தகரச் சரிவு இருக்குமே, அதையே நிமிர்த்தி வைத்த மாதிரி. லாரிகளில் பல போய்க் கொட்டுவது பக்கத்திலேயே ஃப்ரான்கோன் குவாரி என்ற பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்தில். அங்கே கொட்டின பனி, ஜூலை மாச வெயிலில்கூட முழுசாகக் கரையாதாம்!

இந்த மெஷினின் பூர்வீகமும் அதே பேட்டைதான். ஆர்த்தர் ஸிகார் அங்கே 1876-ல் பிறந்தவர். பால் வியாபாரம் செய்த பண்ணைக் குடும்பம். பனி விழுந்து ரோடு அடைத்தால் பால் டவுனுக்குப் போகாது. வயலில் கதிரடிக்கும் மெஷினைப் பார்த்தவருக்கு, ‘கதிருக்குப் பதில் பனியைக் கொடுத்தால் என்ன?’ என்று தோன்றிவிட்டது. 1925-ல் மெஷின் தயார். 1927-ல் ஊத்ரமோன் ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். பனியைத் தள்ளுகிற கலப்பைகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் தள்ளினது ஓரத்திலேயே மலையாக நிற்கும். ஸிகார் மெஷினோ 90 அடிக்கு அப்பால் வீசும். இல்லையா, லாரிக்குள் போடும். எங்கே என்று தீர்மானிப்பது, திருப்பி வைக்க முடிந்த அந்தக் கழுத்துதான்.

நாலு நாள் கழித்து மறுபடி பனி. காலையில் நகரசபைக் கலப்பை போன கையோடு, தாத்தாவின் வாசலை மறித்து முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு. தாத்தா தன்னுடைய சின்ன மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். பூதத்தின் பேரன். திருகு, விசிறி, கழுத்து எல்லாம் உண்டு. ‘‘நான் ஓட்டட்டுமா?’’ என்றேன். வேட்டியில் முடிந்து வைத்திருந்த சனி!

நம்மைப்போல் வெயிலூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கடுங்குளிரில் பனி பிரச்னையே இல்லை. மைனஸ் பதினைந்தில் அது ரவை மாதிரி பறக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் வம்பு, இட்லி மாவாகிவிடும். அன்றைக்கு இட்லி மாவு. ஐந்தே நிமிஷம்... வீச்சு குறைந்து, கழுத்திலிருந்து கொழகொழவென்று வழிந்து, அப்புறம் அதுவும் நின்று போச்சு.

நான் ஒன்றும் அசடு இல்லை. இஞ்சினை நிறுத்தினேன். நிறுத்திவிட்டுத்தான் கழுத்துக்குள் கையை விடப் போனேன். ‘‘நோ!’’ என்று ஒரு அலறல். தாத்தா வழுக்கிக்கொண்டே ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு பேசாமல் தன் வலது கை உறையைக் கழற்றிக் காட்டினார். நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணுவோடு சரி.

‘‘நானும் இஞ்சினை நிறுத்திட்டுத்தான் கையை விட்டேன்’’ என்றார்.

எனக்குக் குளிர் உறைத்தது அப்போதுதான். பனி அடைத்து விசிறி நின்றுபோனால், பெல்ட்டின் முறுக்கு ஸ்பிரிங் மாதிரி அப்படியே உள்ளே இருக்கும். அடைப்பை எடுத்த மாத்திரத்தில் விசிறி தானாகத் துள்ளும். முழுச் சுற்றுகூட வேண்டாம். கால் சுற்று போதும்.

மெஷின் செய்கிறவர்களும் சும்மா இல்லை. இப்போது பிடியை விட்டால் திருகும் விசிறியும் நின்றுவிடும். அடைப்பை நோண்ட ஒரு பிளாஸ்டிக் குச்சியை மெஷினிலேயே மாட்டிக் கொடுக்கிறார்கள். தாத்தா அதைத்தான் எடுத்து என் கையில் திணித்தார். பல மாடல்களில் கழுத்தே பிளாஸ்டிக். இரும்பளவு பனி ஒட்டாது. பழைய இரும்புக் கழுத்துக்காரர்கள் தோசைக்கல்லுக்குத் தடவுகிற மாதிரி உள்ளே சமையல் எண்ணெய் அடித்துக்கொள்கிறார்கள்.

என் ஓட்டு மட்டும் ரப்பருக்கு. விசிறி இறக்கைக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்பு உறைக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. ஈரப்பனி அதில் நழுவிச் சும்மா சுற்றிச் சுற்றி வரும், மேலே ஏற வேகம் போதாது, கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். இறக்கை நுனியில் கெட்டி ரப்பர் துண்டை போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் இடைவெளி அடைபடும். பனி வழித்து எடுத்து வீசப்படும். குச்சியெல்லாம் அடைத்த பிறகு வருகிற வைத்தியம். ரப்பர், அடைக்கவே விடாது. ஆபீஸ் போகிற அவசரத்தில், பல் வரை நடுங்குகிற குளிரில், ‘கையை விடாதீர்’ என்ற ஸ்டிக்கரை எவன் ஸார் நின்று படிக்கிறான்?

தாத்தா மெஷினில் இன்னும் ரப்பர் இல்லை. தம்பி அன்றைக்கே போய் வாங்கி வந்தான், ரசீதோடு! ஞாயிற்றுக்கிழமை, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று பேரும் உட்கார்ந்து மாட்டினோம். மாட்டின கையோடு ஓட்டியும் பார்த்தேன். அதே இட்லி மாவுதான். முன்பு காலடியில் வழிந்தது, இப்போது வேலி தாண்டிப் பறந்தது.

கழுத்தைத் திருப்புகிற கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பறந்ததெல்லாம், பக்கத்து வீட்டு அம்மாள் அப்போதுதான் சுத்தம் செய்து முடித்த வாசலில். அவர் பிரெஞ்சில் நீளமாக என்னவோ சொன்னார். தம்பியிடம் அர்த்தம் கேட்டேன்.

‘‘ஊருக்குப் போனப்புறம் ஃபோன்ல சொல்றேண்ணே’’ என்றான்.