நடுவில் திறக்கும் கதவு

மிச்சிகனில் தங்கை வீட்டுத் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஷெட் கதவைத் தூக்குவார். உள்ளே 1961ஆம் வருஷத்து லிங்கன் கான்டினென்டல், கறுப்பு செடான். நடைப்பயிற்சி என்ற பெயரில் மூன்று வாரம் நான் அந்த வாசலையே சுற்றியதைக் கவனித்திருப்பார் போல. ஒருநாள், ஏறுங்கள், ஒரு ரவுண்டு போய்வரலாம் என்றார்.

பின்கதவைத் திறக்கப் போன என் கைக்குப் பிடி அகப்படவில்லை. முன்கதவுப் பிடியும் பின்கதவுப் பிடியும் வண்டியின் நடுவில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழைய வீட்டு இரட்டைக் கதவு மாதிரி இரண்டும் அங்கிருந்துதான் விரிகின்றன.

பின்பக்கம் கீல் வைத்த இந்த மாதிரிக் கதவுக்குத் தற்கொலைக் கதவு என்று பெயர். ஓடும்போது தாழ் விட்டுப்போனால் எதிர்க்காற்று கதவை அப்படியே விரித்துவிடும். ஐம்பதுகளில் நம்மூரில் ஓடிய பியட் 1100-க்கு முன்கதவு இப்படித்தான். பெரியப்பா அதில் எங்களைக் கதவோரம் உட்கார விட்டதே இல்லை. அப்புறம் ஏன் இந்தச் சொகுசு வண்டிக்கு இப்படி ஒரு கதவு? மாதிரி வண்டியில் பின்சீட்டிலிருந்து இறங்கிப் பார்த்த பொறியாளர்களுக்கு, கால் கதவில் இடித்துக்கொண்டே இருந்ததாம். கீலைப் பின்னால் மாற்றினார்கள், தொல்லை தீர்ந்தது. கால் இடிக்கக் காரணம் வண்டியைச் சுருக்கியதுதான். 1960 மாடல் ஏறக்குறைய 19 அடி நீளம். இதில் சுமார் ஒன்றேகால் அடியைக் கழித்துவிட்டார்கள். வால் இறக்கைகள் இல்லை, குரோமிய நகைகளும் அதிகம் இல்லை. பணக்கார வண்டி என்றால் அலங்காரம் என்றிருந்த காலத்தில், என் கண்ணுக்கு இது வெள்ளை வேட்டி கட்டிய மிராசுதார்.

இத்தனைக்கும் இது லிங்கனுக்காக வரைந்ததே இல்லை. வடிவமைப்பாளர் எல்வுட் எங்கெல் ஃபோர்டின் தண்டர்பேர்டு காருக்காகச் செய்த மாதிரி இது. அதை ராபர்ட் மக்னமாரா பார்த்தார். ஹார்வர்டில் கணக்கியல் சொல்லிக்கொடுத்தவர், ஃபோர்டில் பைசா பைசாவாகப் பார்த்தவர். நஷ்டத்தில் ஓடிய லிங்கன் பிரிவையே மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனுஷர், நான்கு கதவு வைத்து இதை லிங்கனாக்குங்கள் என்றார். 1960 நவம்பரில் ஃபோர்டின் தலைவரானார். இரண்டு மாதம் முடிவதற்குள் கென்னடி கூப்பிட, பாதுகாப்பு அமைச்சராகப் போய்விட்டார்.

அவர் பிழைக்கவைத்த வண்டியும் பின்னாலேயே வாஷிங்டனுக்குப் போனது. இதே ரகத்தில் ஒரு திறந்த வண்டியைச் சின்சினாட்டியில் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் பட்டறைக்காரர்கள் அறுத்து, மூன்றரை அடி நீட்டிக்கொடுத்தார்கள். ஃபோர்டு அதை அரசாங்கத்துக்கு வருஷம் 500 டாலர் வாடகைக்கு விட்டது. 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது உட்கார்ந்திருந்தது அதில்தான்.

டியர்பார்ன் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் அந்த வண்டியை முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன். கொலைக்குப் பிறகு அதை ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைத்தால், அப்படி இல்லை. கவசத் தகடும் நிலையான கூரையும் போட்டு, கறுப்படித்து, 1977 வரைக்கும் அதிபர்களை ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் வீடுகளில் அப்படி ஒரு வண்டியை வாசலில் நிறுத்தவே விடமாட்டார்கள். கூட்டம் அதைச் சுற்றி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பிடிகளை நான் அன்று கவனிக்கவே இல்லை.

பெரியவர் சாவியைத் திருப்பினார். தொழிற்சாலையிலிருந்து அனுப்புமுன் ஒவ்வொரு வண்டியையும் 12 மைல் ஓட்டிப் பார்த்துத்தான் விட்டார்களாம். இரண்டு டன்னுக்கு மேல் கனம், சத்தமோ நம்மூர்க் கிரைண்டரைவிடக் குறைவு. ஆனால் வண்டி நகரவில்லை. டாஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கைக் காட்டினார். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் எரிவதற்கென்றே வைத்த விளக்கு. தற்கொலைக் கதவு வைத்தவர்களுக்கும் பெரியப்பாவின் பயம் இருந்திருக்கிறது. நடுப்பிடியைத் தேடித் திறந்து, இந்தத் தடவை கொஞ்சம் ஓங்கிச் சாத்தினேன்.