அண்ணா சாலையில் ஒரு வாயில்

சென்னையில் அண்ணா சாலையும் கதீட்ரல் சாலையும் கூடுமிடத்தில் 1973ஆம் ஆண்டு எழுந்த அண்ணா மேம்பாலத்தை, மறைந்துபோன ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தின் பெயராலேயே மக்கள் இன்றும் அழைக்கின்றனர். அதனருகே, 1969 முதல், அமெரிக்கத் துணைத் தூதரகம் அமைந்துள்ளது. காலைவேளையில், கையில் கோப்புகளுடன் மக்கள் வரிசையாய் நிற்பதை அங்கே காணலாம்.

அவர்களுள் ஒரு சாரார் வேலைக்குச் செல்வோர். எச்-1பி விசாவுக்கு, வேலை கொடுக்கும் நிறுவனமே முதலில் அமெரிக்க அரசிடம் மனுச் செய்யவேண்டும். பொது ஆண்டு ஒதுக்கீடு 65,000. அந்நாட்டிலேயே முதுகலையோ அதற்கு மேலோ பயின்றோர்க்கு மேலும் 20,000. அதனினும் மிகுதியானோர் போட்டியிடுவதால், தகுதியுடையோர் பலரும் விடுபடுகின்றனர்.

மற்றொரு சாரார், பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர். பேரக்குழந்தையைக் கையிலேந்தும் ஆவலன்றி வேறெதுவும் அறியாத தாயையும், அங்கேயே தங்கிவிட எண்ணுபவராகவே அந்நாட்டுச் சட்டம் முதலில் கருதுகிறது. வீடு, நிலம், ஓய்வூதியம், குடும்பம் என ஊர் திரும்புவதற்குரிய காரணங்களை எடுத்துரைப்பது அவர் பொறுப்பு. தமிழிலேயே விடை கூறலாம். நேர்முகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. ஆயினும் மீண்டும் விண்ணப்பிக்கத் தடையில்லை. பொய்ச் சான்று கொடுத்து அகப்பட்டவருக்கோ வாழ்நாள் முழுவதும் அக்கதவு அடைபடக்கூடும். ஆகவே, அன்பர்களே, இல்லாத வங்கிக் கணக்கை உண்டாக்கித் தர முன்வரும் தரகரை வீட்டு வாயிலிலேயே திருப்பி அனுப்புங்கள். உள்ளதை உள்ளவாறு சொன்னவர், இம்முறை வெறுங்கையுடன் திரும்பினாலும், மறுமுறை தலைநிமிர்ந்து அவ்வரிசையில் நிற்கலாம்.