நான்காம் பாகமா, 'லாஸ்ட் லெகசி'யா?

லீவுக்கு பதுளைக்கு வந்தால் எங்கள் செட்டுக்குள் ஒரே சண்டைதான். 'அன்சார்ட்டட்' வரிசையில் எது பெஸ்ட்? 2016இல் வந்த நான்காம் பாகமா, 2017இல் வந்த 'தி லாஸ்ட் லெகசி'யா?

நான்காம் பாகக் கட்சியிடம் சொல்ல நிறைய இருக்கு. நேதன் டிரேக்கின் கதை முடிகிற இடம் அது. அண்ணன் தம்பிப் பாசம், மடகஸ்கார், கடற்கொள்ளையர் புதையல். 'லாஸ்ட் லெகசி' அதைவிடச் சின்னது. "கடைசி ரயில் சண்டைகூட 2009லேயே ரெண்டாம் பாகத்துல பார்த்ததுதானே மச்சான்" என்பார்கள்.

சரிதான். ஆனாலும் நாங்கள் சிலர் விடுவதாயில்லை. இதில் ஹீரோ குளோயி, அவளுடைய அப்பா இந்தியர். தேடுவது பிள்ளையாரின் தந்தத்தை. மேற்குத் தொடர்ச்சி மலை, ஹொய்சளர் இடிபாடுகள், அருவிகள். திரையில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் "நம்ம மலை மாதிரியே இருக்குடா" என்று கத்திவிட்டோம்.

இரண்டாம் தடவை விளையாடும்போதுதான் உறைத்தது. தொடக்கத்தில் நகரத்தில் சனம் இருக்கு. மலைக்குப் போனதும் புதையலும் துப்பாக்கிக்காரர்களும்தான். அங்கே வாழ்கிற ஆட்களே இல்லை.

எங்கள் மலையும் அப்படித்தானே பார்க்கப்படுகிறது? 1924இல் பதுளைக்கு வந்த ரயில் பாதையில் ஒன்பது வளைவுப் பாலம் எல்லா போட்டோவிலும் இருக்கு. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாக்கள் இல்லை.

எங்கள் தீர்ப்பு: 'லாஸ்ட் லெகசி' அரை அடி முன்னால். மிச்ச அரை அடி, மலையோடு லயத்தையும் காட்டுகிற கேமுக்கு.