தகட்டில் ஏறிய சுதந்திரம்

மோட்டார் வண்டியில் எத்தனையோ உறுப்புகள் இருக்கின்றன. அவற்றுள் எவரும் பெரிதாக மதியாதது நம்பர் தகடு ஒன்றுதான். வண்டி வாங்கப் போகிறவர் வர்ணத்தைப் பார்க்கிறார்; ஆசனத்தை அமுக்கிப் பார்க்கிறார்; எஞ்சினின் சப்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார். எண்களைக் கூட்டிப் பார்த்து அதிர்ஷ்டம் கணிப்பவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கும் எண்ணில் அக்கறையே தவிரத் தகட்டில் இல்லை. தகட்டின்மீது கண் வைப்பவர் போலீஸ்காரர் ஒருவரே. அதுவும் ஏதேனும் விபரீதம் நேர்ந்த பிறகுதான். இத்தகைய அற்பமான தகரத் துண்டு ஒரு தேசத்தின் தலைமை நீதிமன்றம்வரை சென்று, சுதந்திரம் என்றால் என்ன என்னும் கேள்வியை எழுப்பியது என்று சொன்னால் வாசகர்கள் நம்பத் தயங்கலாம். அமெரிக்காவில் அது நடந்திருக்கிறது.

அந்நாட்டில் மாகாணங்கள் 50. வண்டிகளைப் பதிவு செய்து தகடு வழங்கும் அதிகாரம் அந்தந்த மாகாண சர்க்காரைச் சேர்ந்தது. எல்லோருக்கும் பொதுவான தகடு ஒன்று உண்டு. விரும்பியவர்கள் அதிகக் கட்டணம் செலுத்திப் பெறக்கூடிய விசேஷத் தகடுகளும் உண்டு. தாம் படித்த சர்வகலாசாலையின் முத்திரையை ஒருவர் கேட்பார். காட்டு விலங்குகளின் படத்தை மற்றொருவர் கேட்பார். அந்த அதிகக் கட்டணத்தில் ஒரு பகுதி பெரும்பாலும் ஏதேனும் ஒரு நற்காரியத்துக்குச் சேரும். ஆனால் புதிதாக ஒரு விசேஷத் தகடு பிறப்பது எளிதன்று. பல மாகாணங்களில் சட்டசபையின் சம்மதம் வேண்டும்; வேண்டுமென்று கேட்பவர் இத்தனை பேர் என்பதை முன்பணம் கட்டிக் காட்டவும் வேண்டும்.

2022-ஆம் ஆண்டு பிளாரிடா மாகாணத்தில் அப்படி ஒரு தகடு அறிவிக்கப்பட்டது. 3,000 பேர் முன்பணம் கட்டினால்தான் அது தயாராகும் என்பது நிபந்தனை. வருமானம் முன்னாள் போர்வீரர்களுக்கு உதவும் நிதிக்கு. வர்ஜீனியா முதலிய வேறு சில மாகாணங்களில் அதே சின்னம் அதற்கு முன்பே தகட்டில் ஏறிவிட்டது. மஞ்சள் நிறப் பின்னணி; நடுவே சுருண்டு தலை தூக்கி நிற்கும் ஒரு பாம்பு; அதன் கீழே "என்னை மிதிக்காதே" என்னும் வாசகம். காட்ஸ்டன் கொடி என்று இதற்குப் பெயர்.

தேசியச் சின்னமாகப் பாம்பையா தேர்ந்தெடுப்பார்கள் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் கேட்கக்கூடும். இது சாதாரணப் பாம்பு அன்று. அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய கிலுகிலுப்பைப் பாம்பு. அதன் வால் நுனியில் கெட்டியான வளையங்கள் இருக்கின்றன. யாரேனும் அருகில் நெருங்கினால் அவற்றை அசைத்து ஓசையெழுப்பி எச்சரிக்கும். 1754-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் தமது பத்திரிகையில் எட்டுத் துண்டுகளாக வெட்டுண்ட ஒரு பாம்பின் படத்தை வெளியிட்டு, குடியேற்ற நாடுகள் ஒன்று சேராவிடில் மடிவது நிச்சயம் என்று உணர்த்தினார். 1775-ல் ஆங்கிலேயருடன் போர் மூண்டபோது அந்தத் துண்டுகள் ஒட்டிக்கொண்டு முழுப் பாம்பாகிவிட்டன! தென் கரோலினாவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் காட்ஸ்டன் என்பவர் அதைக் கொடியில் பொறித்தார். கடற்படைத் தலைவர் எஸெக் ஹாப்கின்ஸின் கப்பலில் அது பறந்தது. 1776 பிப்ரவரியில் தம் மாகாண சபைக்கும் ஒரு கொடியை அவர் அளித்தார்.

சாது ஒருவரின் உபதேசத்தால் கடிப்பதை விட்டுவிட்டு, ஊர்ப் பிள்ளைகளிடம் கல்லடி பட்ட பாம்பின் கதையை ஸ்ரீ ராமகிருஷ்ணர் சொல்லியிருக்கிறார். கடிக்க வேண்டாமென்றுதான் சொன்னேன், சீற வேண்டாமென்றா சொன்னேன் என்று சாது கேட்டாராம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அமெரிக்கப் பாம்பின் தத்துவம் விளங்காமற் போகாது. தானாகப் போய்த் தீண்டாது, மிதித்தால் விடாது. அடிமைப்பட்ட தேசம் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் ஏது?

ஆனால் சின்னத்தைச் செய்தவரின் ஊருக்குப் போய்ப் பார்த்தால் வேறொரு காட்சி தென்படுகிறது. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் காட்ஸ்டன் கட்டிய கப்பல்துறை ஒன்று இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களை, விலங்கிட்டு, விற்பனைக்காக இறக்கிய இடம் அது. 1805-ல் காட்ஸ்டன் காலமானார்; அதற்குப் பின், 1808-ல் அடிமை இறக்குமதி சட்டப்படி நிற்கும்வரை, அத்துறையில் வந்து இறங்கியவர்கள் ஆயிரக்கணக்கானோர். காட்ஸ்டனே அடிமைகளை உடையவராக இருந்தார். "என்னை மிதிக்காதே" என்று எழுதிய கைக்குத் தன் காலடியில் கிடந்தவர்கள் தெரியவில்லை. 2023-ஆம் ஆண்டு அதே இடத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் சரித்திரத்தைச் சொல்லும் ஒரு பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. கொடி சொல்லாமல் விட்டதை இப்போது அந்தக் கட்டிடம் சொல்கிறது.

2009-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த டீ பார்ட்டி என்னும் வரி எதிர்ப்பு இயக்கத்தார் இந்தக் கொடியைத் தூக்கிப் பிடித்தார்கள். அது முதல் ஒருவர் கண்ணுக்கு அது தேசபக்தி. மற்றவர் கண்ணுக்கு அது கட்சிக் கொடி. ஆகவே அதை வண்டியில் மாட்டலாமா என்று சர்ச்சை. நம்மைக் கேட்டால், இதிலே சர்ச்சைக்கு அதிக இடமில்லை என்போம். விசேஷத் தகடு வேண்டியவர் பணம் கட்டி வாங்குகிறார். வேண்டாதவர் பொதுத் தகட்டோடு போகிறார். உண்மையான பரீட்சை எப்போது வருகிறதென்றால், சுதந்திரச் சின்னத்தை எல்லோரும் மாட்டித்தான் ஆக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவிடும்போதுதான்.

அந்தப் பரீட்சையும் நடந்தது. நியூ ஹாம்ப்ஷயர் என்பது வடகிழக்கிலுள்ள ஒரு சிறு மாகாணம். சுதந்திரப் போரில் புகழ் பெற்ற அவ்வூர்த் தளபதி ஜான் ஸ்டார்க், 1809-ல் தமது முதுமையில், பழைய தோழர்களின் விழாவுக்கு வர இயலாமைக்கு வருந்தி ஒரு கடிதம் விடுத்தார். அதில் அவர் எழுதியனுப்பிய வாசகம்: "சுதந்திரமாக வாழ், அல்லது மடி." 1945-ல் மாகாணம் அதைத் தன் குறிக்கோள் வாசகமாக ஏற்றது. 1971 முதல் சொந்த உபயோக வண்டிகள் அனைத்தின் தகட்டிலும் அது பொறிக்கப்பட்டது. அங்கே தகடுகளைத் தயாரித்தவர்கள் மாகாணச் சிறைச்சாலைக் கைதிகள் என்பது விதியின் வேடிக்கை!

ஜார்ஜ் மேனார்ட் என்பவர் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். உயிர் ஆண்டவன் அளித்தது. அதை ஒரு ராஜ்யத்துக்காக விடு என்று சொல்லும் வாசகத்தைத் தம் வண்டியில் சுமக்க அவர் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. அந்த எழுத்துக்களை அவர் மறைத்தார். தகட்டில் உள்ளதை மறைப்பது குற்றம். 1974-ல் முதல் வழக்கில் விதித்த 25 டாலர் அபராதம் நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டாம் முறை 50 டாலர் அபராதம். பணம் கட்ட மனச்சாட்சி இடங்கொடாது என்றார். 15 நாள் சிறையிலிருந்தார். "சுதந்திரமாக வாழ்" என்னும் கட்டளைக்குக் கீழ்ப்படியாத குற்றத்துக்காகச் சிறை!

1977-ல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு பிரஜை தான் நம்பாத கருத்துக்குத் தன் சொந்த வண்டியை விளம்பரப் பலகையாக்கும்படி சர்க்கார் வற்புறுத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 2015-ல் இதன் மறுபக்கமும் தெளிவாயிற்று. அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போர் புரிந்த தென்பகுதியினரின் கொடியை விசேஷத் தகட்டில் பொறிக்கும்படி டெக்ஸாஸில் ஒரு சங்கத்தார் கோரினர். மாகாணம் மறுத்தது. தகடு சர்க்காரின் வாக்கு, ஆகையால் மறுக்கலாம் என்று ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் நீதிபதிகள் தீர்த்தார்கள். பிரஜையின் வாயில் சர்க்கார் தன் சொல்லைத் திணிக்கலாகாது. சர்க்காரின் வாயில் பிரஜையும் தன் சொல்லைத் திணிக்கலாகாது.

நம் நாட்டில் தகட்டுக்கு இத்தனை அலங்காரம் கிடையாது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் மாட்டப்படும் தகட்டின் மூலையில் அசோக சக்கரம் பொறித்த சிறு முத்திரை ஒன்று மின்னுகிறது. அது தேசபக்தியை விளம்பரம் செய்ய வந்ததன்று. போலித் தகடு செய்வோரைத் தடுக்கக் காவல் நிற்கிறது. ஆயினும் மேனார்டைப் பீடித்த கேள்வி நம்மையும் தேடி வந்ததுண்டு. 1985-ல் கேரளத்துப் பள்ளி ஒன்றில், அதே பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் தேசீய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றனர். ஆனால் வாய் திறந்து பாடவில்லை. அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. நமது பாரம்பரியமும் அரசியல் சட்டமும் போதிப்பது சகிப்புத்தன்மை என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எடுத்துக் காட்டினார்.

தினந்தோறும் காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கீதம் பாடச் செய்யும் தொழிலில் இருக்கும் நமக்கு இத்தீர்ப்பு மிகவும் நெருங்கியது. அந்தக் கீதத்துக்காகவும் கொடிக்காகவும் நம் முன்னோர் தடியடி பட்டனர், சிறை புகுந்தனர். ஆகவே பாடாதவனைக் கண்டால் மனம் சற்றுத் துணுக்குறுவது இயல்பே. ஆனால் அவர்கள் அடி பட்டது எதற்காக? அந்நியன் கொடிக்கு அஞ்சி வணங்கும் நிலை ஒழிய வேண்டுமென்றுதானே? அச்சத்தினால் வணங்கும் வழக்கம் மட்டும் நீடித்து, கொடி மாத்திரம் மாறினால், அவர்கள் பெற்றுத் தந்தது பாதிச் சுதந்திரமே ஆகும்.

சுதந்திரச் சின்னத்தைத் தகட்டில் பொறிப்பது தகர வேலை. எந்தச் சிறைச்சாலையிலும் செய்துவிடலாம். வரிசையில் நூறு பேர் பாடும்போது வாய் மூடி நிற்கும் ஒரு சிறுவனைக் கோபிக்காமல் பார்க்கப் பழகுவதுதான் கடினம். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், நாளைக்கு அவனே மனமுவந்து பாடினாலும் பாடலாம். பாடாவிட்டாலும் தேசத்துக்கு ஒரு குறைவும் வராது.