மதுரையில் ஓர் இரவு

மதுரை ரயிலடியிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலை நாடிக் கிழக்கே செல்வோரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியின் விடுதிகள் வரவேற்கின்றன. குடும்பத்துடன் சென்ற நாம், அறையைப் பாராமல் முன்பணம் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருந்தோம்.

தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, தீப்பற்றினால் இறங்குவதற்கு மாடிப்படி எங்கே என்று முதலில் கவனித்தோம். மெத்தையின் தையலோரத்தைப் புரட்டினோம். கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி குடியிருக்கிறதென்று பொருள். பின்னர் விளக்கை அணைத்துக் கைப்பேசியின் ஒளியைக் கடிகாரம், ஸ்நான அறை மூலைகளில் பாய்ச்சினோம். மறைந்துள்ள காமிராவின் வில்லை பெரும்பாலும் மினுங்கித் தன்னையே காட்டிக்கொடுக்கும். பெண்களை அந்தரங்கத்தில் படமெடுப்பது 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம்.

"இவ்வளவு சந்தேகமா, சார்?" என்று சிரித்தார் சிப்பந்தி. சந்தேகமன்று, பெண்மக்கள் அச்சமின்றி உறங்க வேண்டுமே! மூட்டையைப் பிரிக்குமுன் வேறறை கேட்பது எளிது. நள்ளிரவில் யாரை எழுப்புவது?