கொழும்பில் ஒரு கல், நயினாதீவில் ஒரு கல்

 

விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு பார்க்கப் போன படங்களைப் போட்டதில் இருந்து, "எங்கெல்லாம் போனீங்க டீச்சர்? பிள்ளையளோட போறதெண்டா எது நல்லம்?" என்று பெற்றோர் பலர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மகளுக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்தவள். பெறுபேறு எப்படி வந்தாலும் கொழும்பு காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். புத்தளத்தில் சொந்தக்காரர் வீடு வரைக்கும் போயிருக்கிறாள். அதற்கு அங்கால் தெரியாது.

நயினாதீவுப் பிள்ளை ஊர் பார்க்கப் போவதில் ஒரு விசேஷம் இருக்கிறது. எங்கள் ஊரே மற்றவர்கள் பார்க்க வருகிற ஊர். சனி, ஞாயிறு, போயா நாட்களில் குறிகட்டுவானில் இருந்து படகு படகாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் வருவார்கள், நாக விகாரைக்கும் வருவார்கள். தெற்கில் இருந்து வருகிற பிள்ளைகள் தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கடலையும் பனையையும் அதிசயமாகப் பார்ப்பார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவள் இவள். "உம்மா, இந்த முறை நாங்கதான் பாக்கப் போற ஆக்கள்" என்று இறங்குதுறையிலேயே சொல்லிவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து யாழ்தேவி. ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரெயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப வந்தது என்று சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுக்கு ரெயில் எப்போதும் இருக்கிற ஒன்று. வவுனியாவில் ஏறிய ஒரு அம்மா எங்களுக்கு முன்னால் இருந்தார். கச்சான் தந்தார். "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டார். "நயினாதீவு" என்றாள். "அங்க முஸ்லிம் ஆக்களும் இருக்கினமோ?" என்றார். "ஓம், பள்ளிவாசலும் இருக்கு" என்றாள் மகள். அன்பாகக் கேட்டவர்தான். நானும் பெரிதாக எடுக்கவில்லை.

பின்னேரம் காலிமுகத்திடல். இறால் வடை, பட்டம், காற்று. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அங்கே ஒரு பழைய நினைவுக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை இது. ஆளுநர் ஹென்றி வார்ட் செய்வித்தது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆக இதைப் பேணி வரும்படி தனக்குப் பின்னால் வருகிற ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு கல்லில் எழுதி வைத்திருக்கிறார். மகளுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப இது எங்க ரெண்டு பேருக்கும்தான்" என்றாள்.

"கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எண்டுதானே இருக்கு?"

"இண்டைக்கு நாங்க கொழும்பிலதானே நிக்கிறம்!"

அடுத்த நாள் காலையில் தாமரைக் கோபுரம். 350 மீற்றருக்கு மேல் உயரம். 2022 செப்டெம்பரில்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மேலே இருந்து பார்த்தால் பேரை வாவியும் துறைமுகமும் கடலும் தெரியும். கடலை நிரப்பி உண்டாக்கிய துறைமுக நகரமும் தெரியும். அதன் பரப்பு 269 ஹெக்டெயர். நயினாதீவு முழுவதும் 4 சதுர கிலோமீற்றர் சொச்சம்தான். வகுப்பில் பரப்பளவுக் கணக்கு செய்த பிள்ளை, விரலை மடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உம்மா, எங்கட ஊரில பாதிக்கும் மேல புதுசாச் செய்திருக்கினம்." பிறகு எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டாள். வடக்கைக் காட்டினேன். கட்டடங்களும் வெயில் புகாரும்தான் தெரிந்தன. ஆனாலும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானத்துக்குப் பிறகு புறக்கோட்டை. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். கொழும்பு ஆட்களுக்கு அது சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908 இல் தொடங்கி 1909 இல் முடித்தது. இந்தியாவில் இருந்து வந்து புறக்கோட்டையில் வியாபாரம் செய்தவர்கள் கட்டுவித்த பள்ளி. உயர்ந்த கட்டடங்கள் வருவதற்கு முன்பு கப்பலில் வருகிறவர்கள் இந்தப் பள்ளியைக் கண்டுதான் கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்தார்களாம். கடல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது உடனே விளங்கியது.

அதே தெருவில் ஒரு கடையில் அவளுக்குச் சப்பாத்து எடுத்தோம். கடைக்கார நானா அவளிடம் பேச்சுக் கொடுத்தார். "எங்க ஊர் மகள்?" "நயினாதீவு." "அங்க நம்மட ஆக்கள் ஈக்காங்களா?" "ஓம், இருக்கினம்" என்றாள். அவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "மகள் யாழ்ப்பாணத் தமிழ் பேசுதே!" என்றார். விலையும் குறைத்துத் தந்தார். நல்ல மனிதர்.

இரவு தெமட்டகொடையில் உறவினர் வீட்டில் தங்கினோம். அங்கேயும் யாரோ அதே கேள்வியைக் கேட்டார்கள். படுக்கும்போது மகள் கேட்டாள்: "உம்மா, நாங்க அங்க இருக்கிறது ஏன் ஒருத்தருக்கும் தெரியாது?"

என்ன பதில் சொல்வது? நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவள். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான் தரப்பட்டது. அந்த மாதத்தில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 க்கும் மேல். நாங்கள் புத்தளத்தில் முகாமில் இருந்தோம். அந்தக் காலத்தில் ஒரு தடவை வாப்பா என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கடிதத்தில் ஒப்பம் வாங்குவதற்காக. காலையில் இருந்து பின்னேரம் வரை ஒரு அலுவலகத்தின் வாசலில் நின்றோம். திரும்பும்போது பஸ் யன்னலால் கடல் தெரிந்தது. "அதுதான் காலிமுகத்திடல்" என்று வாப்பா விரலால் காட்டினார். இறங்கவில்லை. இறங்குகிற நிலையில் நாங்கள் இருக்கவில்லை. அதுதான் என் வாப்பா எனக்குக் காட்டிய கொழும்பு.

இதை மகளிடம் முழுவதும் சொல்லவில்லை. "கொஞ்சக் காலம் நாங்க அங்க இருக்கேல்ல மகள், அதால மற்ற ஆக்களுக்கு மறந்துபோச்சு" என்றேன். அந்த வயதுக்கு அவ்வளவு போதும் என்று நினைத்தேன். அவளுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்றாம் நாள் கொழும்பு தேசிய அருங்காட்சியகம். 1877 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்துக் கட்டடம். கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். புறக்கோட்டை பழைய நகர மண்டபமும் அவர் கட்டியதுதான். திறப்பு விழாவில் உமக்கு என்ன சன்மானம் வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடினால் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடியே இருந்தது.

அரச சிம்மாசனத்தையும் வாள்களையும் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒரு கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். காலியில் 1911 இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. மதகு ஒன்றை மூடுகிற பலகை போல, எழுத்துப் பக்கம் கீழே கிடந்த கல். சீன மாலுமி செங் ஹே கொண்டுவந்து நட்டது, 1409 ஆம் ஆண்டுத் திகதி இட்டது. ஒரே கல்லில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெவிநுவரையில் இருந்த விஷ்ணுவுக்குக் காணிக்கை. மூன்றாவது பாரசீகம், அரபு எழுத்தில், அல்லாஹ்வைப் புகழ்ந்து. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்றிலும் கொடைகள்.

மகளுக்கு இரண்டு எழுத்தும் தெரியும். தமிழ் பாடசாலையில் படித்தது, அரபு எழுத்து குர்ஆன் மத்ரஸாவில் படித்தது. எழுத்துகள் நன்றாகத் தேய்ந்துவிட்டன. அலிஃப் ஒன்றையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் தேடினாள். இது அலிஃபாக இருக்கும், இது லாமாக இருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

பிறகு திரும்பிச் சொன்னாள்: "உம்மா, எங்கட கோயில்லயும் ஒரு கல்லு இருக்கெண்டு நீங்கதானே படிப்பிச்சனீங்க!"

ஆம், இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிற தமிழ்க் கல்வெட்டு. 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் எழுதுவித்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா வாசித்து 1963 இல் கட்டுரை வெளியிட்டார். பொலன்னறுவையில் இருந்து ஆண்ட அரசன் எங்கள் தீவில் தமிழில் ஆணை எழுதியிருக்கிறான். ஊராத்துறைக்கு வருகிற பரதேசி வியாபாரிகள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது ஆணை. யானையும் குதிரையும் கொண்டுவருகிற மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் பண்டாரத்துக்கு, மற்ற மூன்று பங்கும் உடையவனுக்கு. வியாபாரச் சரக்கோடு வந்த மரக்கலம் உடைந்தால் சரி பாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை.

"குதிரையெண்டா நெடுந்தீவுக் குதிரையா?" என்றாள். "இல்லை மகள், அதுகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில வந்ததுகளின்ர வழி. இந்தக் கல்லு அதுக்கும் முந்தினது. அந்தக் காலத்தில அரபுக் கரையில இருந்தும் பாரசீகத்தில இருந்தும் கப்பல்ல குதிரை வந்தது" என்றேன். அந்தக் கல்லில் முஸ்லிம் என்ற சொல் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். இல்லாததை இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஆனால் பிறதேசத்து ஆட்கள் வந்தார்கள், கப்பல் உடைந்தாலும் அவர்களுடைய பங்கு அவர்களுக்கே என்று ஒரு அரசன் எங்கள் மொழியில் எழுதி வைத்தான் என்பது இருக்கிறது. அதுவே பெரிய விஷயம்.

வெளியே ஆலமர நிழலில் ஐஸ்கிரீம் சாப்பிடும்போது அவள் கேட்டாள்: "இனி ஆராவது கேட்டா, எங்கட ஊரில 800 வருசத்துக்கு முந்தின கல்லு இருக்கு, அதில வெளியூர் ஆக்களை நல்லாப் பாக்கச் சொல்லி இருக்கு எண்டு சொல்லட்டா?"

தாராளமாகச் சொல் என்றேன்.

இரவு ரெயிலில் அதே கேள்வியை ஒரு தம்பி கேட்டார். அவர் கேட்டு முடிக்க முன்னமே இவள் தொடங்கிவிட்டாள். பாவம், அவர் மாகோ வரைக்கும் நித்திரை கொள்ளவில்லை.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கோபுரத்தையும் கடைத்தெருவையும் காட்டுங்கள், தவறில்லை. கோபுரத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். போவதற்கு முன்பு உங்கள் ஊரைப் பற்றி ஏதாவது ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு கோட்டை, ஒரு கிணறு, ஒரு துறை, எதுவாகவும் இருக்கலாம். கையில் ஒன்றும் இல்லாமல் போகிற பிள்ளைக்குப் பெரிய நகரம் பெரிதாக மட்டும்தான் தெரியும், தன் ஊர் சின்னதாகிவிடும். ஒன்றைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை அங்கே அதன் சோடியைத் தேடும். "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். பிள்ளை சொல்லட்டும்.

அடுத்த தவணையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு கோயில் கல்வெட்டைப் பார்க்கப் போக நினைத்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். வர விரும்புகிற பெற்றோர் கீழே பெயரைப் போடுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊர் பார்க்கிற பாக்கியத்தையும், பார்த்துவிட்டுத் திரும்பி வர ஒரு ஊரையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.